பிலடெல்பியாவின் படிக்கட்டு: கிளியர்வாட்டர் முதல் ஆலன்டவுன் வரை ஒரு மைனர் லீக் பயணம்

சனிக்கிழமை, கிளியர்வாட்டர்

ஜூன் மாத ஃபுளோரிடாவில் காலை பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. யு.எஸ். 19 நெடுஞ்சாலையை ஒட்டி பேகேர் பால்பார்க், அதன் பக்கத்திலேயே கார்பென்டர் வளாகம். நான்கு மைதானங்கள். ஆஷ்பர்ன், ராபர்ட்ஸ், கார்ல்டன், ஷ்மிட் என்று பிலடெல்பியா ஃபில்லீஸ் பேஸ்பால் அணியின் பழைய ஜாம்பவான்கள் நால்வரின் பெயரில். ஃபுளோரிடா காம்ப்ளக்ஸ் லீக் ஆட்டங்கள் இங்கேதான் நடக்கின்றன. டிக்கெட் கிடையாது, கூட்டம் கிடையாது, யார் ஆடுகிறார் என்று அறிவிக்கவும் ஆள் கிடையாது. பெயர்ப் பட்டியலை முதல் நாளே இணையத்தில் எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சட்டையில் எண் மட்டும்தான் தெரியும். பட்டியலில் உள்ள எண்ணும் சட்டையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாத நாட்களும் உண்டு. அப்போது உயரம், எடை, எந்தக் கை என்பதை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். இந்த லீக் மே தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூலை இறுதியில் முடிந்துவிடும். ஆகஸ்டில் வந்தால் காலி மைதானம்.

மேஜர் லீகுக்கு இளம் வீரர்களைத் தயார்செய்யும் கீழ்நிலை அணிகள்தான் மைனர் லீக். அந்தப் படிக்கட்டை ஒரு முறை சொல்லிவிடுவோம். அடியில் டொமினிகன் சம்மர் லீக். அதற்கு மேல் இந்தக் காம்ப்ளக்ஸ். பிறகு கிளியர்வாட்டர் த்ரெஷர்ஸ், இது ஏ நிலை. ஹை-ஏ நிலைக்கு நியூ ஜெர்சியின் லேக்வுட்டில் ஜெர்சி ஷோர் புளூகிளாஸ். டபுள்-ஏ நிலைக்கு ரெடிங் ஃபைட்டின் ஃபில்ஸ். டிரிபிள்-ஏ நிலைக்கு ஆலன்டவுனில் லீஹை வேலி அயர்ன்பிக்ஸ். கடைசி மூன்று ஊர்களும் பிலடெல்பியாவிலிருந்து காரில் ஒரு மணி, ஒன்றரை மணி தூரம். இளம் வீரர்களை நேரில் பார்த்து எடைபோட விரும்புகிறவர்களுக்கு இவ்வளவு நெருக்கமான ஏற்பாடு வாய்த்த அணிகள் சிலதான்.

காம்ப்ளக்ஸில் ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் 17 முதல் 20 வயது. இங்கே ஸ்கோரைப் பார்ப்பதே வீண். பந்து வீசுகிறவருக்கு இலக்கில் பிடி இருக்காது. பேட்டர் சும்மா நின்றாலே வாக் (இலக்கு தப்பிய நான்கு பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்) கிடைத்துவிடும். பார்க்க வேண்டியவை மூன்று: உடம்பு, கை, பேட்டின் வேகம். தோள் அகலமாக, இடுப்பு ஒடுங்கி, இன்னும் சதை போடாத பையன் என்றால் எதிர்காலத்தில் வலு சேர இடம் இருக்கிறது என்று பொருள். 18 வயதிலேயே முழுதாக வளர்ந்து நிற்கிறவர் இன்று தூரமாக அடிக்கலாம். ஆனால் அவருக்கு இனிமேல் கூடப்போவது குறைவு.

குறிப்பேட்டில் 20 முதல் 80 வரையிலான அளவுகோல். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். காம்ப்ளக்ஸிலேயே நன்றாக ஆடும் பையனுக்கு 60 போட்டுவிடுவார்கள். ஒப்பீடு பக்கத்து மைதானத்துப் பையனோடு அல்ல, மேஜர் லீக் ஆட்டக்காரரோடு. அதனால் ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு எண்கள் எழுத வேண்டும்: இன்று 25, நாளை 50 என்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் இங்கே வந்து பார்க்கிற விஷயம்.

ஞாயிறு, அதே ஊர்

பேகேர் பால்பார்க் 2004-இல் திறந்தது. மார்ச் மாதத்தில் ஃபில்லீஸின் பயிற்சி மைதானம், ஏப்ரல் முதல் த்ரெஷர்ஸின் வீடு. மதியம் மூன்று மணிக்கு இடி, நான்கு மணிக்கு மழை, ஐந்து மணிக்கு வெயில் என்பது இங்கே வழக்கமான கணக்கு. ஆட்டம் தள்ளிப்போய் மறுநாள் இரட்டை ஆட்டமானால், ஒவ்வொன்றும் ஏழு இன்னிங்ஸ்தான். ஒரு பிட்சரை ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில் பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஃபுளோரிடா ஸ்டேட் லீக்குக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பேஸ்பால் சாவன்ட் தளத்தில் மைனர் லீகுகளில் பந்துக்குப் பந்து ஸ்டாட்காஸ்ட் அளவு (பந்தின் வேகம், பாதை முதலியவற்றைக் கருவியால் அளப்பது) பொதுவில் கிடைப்பது டிரிபிள்-ஏ நிலைக்கும் இந்த லீகுக்கும்தான். நடுவே உள்ள ஹை-ஏ, டபுள்-ஏ இரண்டுக்கும் அணிகளிடம் அளவு இருக்கிறது, நமக்கு இல்லை. ஆகவே கிளியர்வாட்டரில் ஒரு பேட்டர் எவ்வளவு வேகத்தில் அடித்தார் என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து அந்தத் தகவல் கிடைப்பது அவர் ஆலன்டவுன் போய்ச் சேர்ந்த பிறகுதான். இரண்டு, மூன்று ஆண்டு இடைவெளி.

சராசரி வேகத்தை விட உச்ச வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 95 மைலுக்கு மேல் போனால் பலமான அடி என்று கணக்கு. 19 வயதில் ஒரே ஒரு பந்து 110 மைலைத் தாண்டியிருந்தாலும் அது குருட்டு அதிர்ஷ்டத்தில் வருவதில்லை; அந்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்கிறது. சராசரி குறைவாக இருந்தால் பந்தைச் சரியாகச் சந்திக்கவில்லை என்றுதான் பொருள். அதைச் சரிசெய்ய முடிகிறதா என்பது மேலே போகப் போகத் தெரியும்.

இந்த லீகில் ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) குறைவு. மார்ச் மாத ஆட்டங்களுக்காகக் கட்டிய பெரிய மைதானங்கள், கனத்த ஈரக் காற்று. 8 ஹோம் ரன் அடித்த 19 வயதுப் பையனைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை.

திங்கள், விமானத்தில்

காம்ப்ளக்ஸுக்கு மேலே உள்ள மைனர் லீகுகளுக்குத் திங்கட்கிழமை ஓய்வு நாள். 2021 முதல் செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஒரே எதிரணியுடன் ஆறு ஆட்டங்கள் என்பது பொதுவான முறை. ஊர் விட்டு ஊர் போவதற்கு இதை விட நல்ல நாள் இல்லை. டாம்பாவிலிருந்து பிலடெல்பியாவுக்கு நேர் விமானங்கள் உண்டு.

ஆறு ஆட்டத் தொடர் என்பதால் தொடக்கப் பிட்சர் ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவை வீசுவது வழக்கம். போன வாரம் புதன்கிழமை வீசியவர் இந்த வாரமும் பெரும்பாலும் புதன்தான். பயணத் திட்டத்தைப் பிட்சர்களை வைத்துப் போட வேண்டும். பேட்டர்கள் நாள்தோறும் ஆடுவார்கள், ஓடிப்போக மாட்டார்கள். இடமாற்றப் பட்டியலைத் தினமும் காலையில் பாருங்கள். நீங்கள் லேக்வுட் போகும் வழியில் உங்கள் பிட்சர் ரெடிங்குக்கு ஏற்றம் பெற்றிருப்பார்.

மூன்று அணிகளும் ஒரே வாரத்தில் சொந்த ஊரில் ஆடுவது அபூர்வம். இரண்டு கிடைத்தாலே போதும், மூன்றாவதை அது ஆடப் போகும் வெளியூரில் பிடிக்கலாம். இந்த வாரம் மூன்றும் அமைந்தது.

செவ்வாய், லேக்வுட்

பிலடெல்பியாவிலிருந்து கிழக்கே, பைன் காடுகளுக்கு ஊடாக ஒன்றரை மணி நேரம். இ-ஸீபாஸ் (சுங்கத்தைத் தானாகக் கழிக்கும் மின்னணு சாதனம்) வாங்கிவிடுங்கள். டெலவேர் ஆற்றுப் பாலங்களில் பென்சில்வேனியாவுக்குள் திரும்பி வரும்போதுதான் சுங்கம். போகும்போது இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டு இரவு பத்தரைக்குச் சில்லறை தேடுவார்கள்.

ஷோர்டவுன் பால்பார்க் 2001-இல் திறந்தது. கடல் பக்கம்தான். சாயங்காலம் கடற்காற்று அவுட்ஃபீல்டிலிருந்து உள்ளே அடிக்கும். பேட்டில் பட்ட சத்தத்தை வைத்து எல்லோரும் எழுந்து நிற்பார்கள், பந்து சுவருக்குப் பத்தடி முன்னால் செத்து விழும். பேட்டர்களைப் பொறுத்தவரை கிழக்குக் கடற்கரையில் மிகவும் கறாரான மைதானங்களில் ஒன்று இது. ஃபில்லீஸின் ஒவ்வொரு இளம் பேட்டரும் இதைக் கடந்துதான் போக வேண்டும். அடுத்த படியான ரெடிங் இதற்கு நேர் எதிர். அதைப் பிறகு பார்ப்போம்.

இன்று ஸ்டாப்வாட்ச் வேலை. பேட்டில் பந்து படும் கணத்தில் அழுத்த வேண்டும், கால் முதல் பேஸில் படும்போது நிறுத்த வேண்டும். வலது கை பேட்டருக்கு 4.3 வினாடி, இடது கை பேட்டருக்கு 4.2 வினாடி சராசரி. இடது கைக்காரர் பேஸுக்கு ஓர் எட்டு பக்கத்தில் நிற்கிறார் என்பதால் அந்த வித்தியாசம். 4.0, 3.9 என்று வந்தால் 80-ஐ நெருங்கும் வேகம். தவறு நடக்கும் இடங்கள்: தூரத்து இருக்கையில் அமர்ந்து சத்தத்தைக் கேட்டு அழுத்துவது (சத்தம் பிந்தி வரும், நேரம் குறைந்து காட்டும்), பேட்டை வீசும்போதே ஓடத் தொடங்கிய அடியைக் கணக்கில் சேர்ப்பது, நிச்சயம் அவுட் என்று தெரிந்து பாதியில் காலைத் தளர்த்தியவரை மெதுவானவர் என்று எழுதிவிடுவது. ஒரு ஆளுக்குக் குறைந்தது மூன்று முழு ஓட்டமாவது வேண்டும்.

கேட்சருக்கு வேறு கணக்கு. பந்து அவர் கையுறையில் விழுந்ததிலிருந்து இரண்டாவது பேஸில் நிற்பவர் கையுறையில் விழும்வரை 2.0 வினாடி என்றால் சராசரி. பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரிடம் வந்து சேர 1.3 வினாடி. இரண்டையும் கூட்டினால் 3.3. பேஸ் திருட்டு என்பது பிட்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது. நல்ல திருடர்களுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். பிட்சர் 1.5 எடுத்துக்கொண்டால் கேட்சரின் கை எவ்வளவு பலமானாலும் பிடிக்க முடியாது. பட்டியலில் அந்தத் திருட்டு கேட்சர் கணக்கில் விழும். பேஸ் திருட்டு எண்ணிக்கையை நம்பாமல் இருக்க இன்னொரு காரணம்: பெரிய பேஸ்கள், ஓடுகிறவரை மடக்க இரண்டே முயற்சி என்ற விதிகள் வந்த பிறகு எல்லோரும் ஓடுகிறார்கள். ஃபில்லீஸின் இளம் வீரர் ஏய்டன் மில்லர் 2025-இல் மைனர் லீகில் 59 பேஸ் திருடினார். அவரை விட வேகமாக ஓடக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பிட்சரின் அசைவைப் படிப்பதில்தான் அவர் கெட்டிக்காரர். அதை எழுத 4.3, 4.2 போதாது. அவர் எப்போது புறப்பட்டார் என்று பார்க்க வேண்டும்.

புதன், மறுபடியும் லேக்வுட்

பிட்சர் நாள். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால், பத்து, பதினைந்து வரிசை தள்ளி டிக்கெட். இந்த மைதானங்களில் பெரும்பாலும் 10 முதல் 20 டாலருக்குள் முடிந்துவிடும்.

கையடக்க ரேடார் வைத்திருப்பவர்கள் கோணத்தைக் கவனிக்க வேண்டும். நேர்கோட்டிலிருந்து 10 டிகிரி விலகினால் 95 மைல் பந்து 93.5 என்று காட்டும். 20 டிகிரி விலகினால் 89. பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு பையன் வேகம் இழந்துவிட்டான் என்று எழுதிய குறிப்புகள் ஏராளம். மைதானப் பலகையில் வரும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். மெதுவான கர்வ்பாலை 94 என்று காட்டும் பலகைகளும் உண்டு. முந்தைய பந்தின் எண் அப்படியே நின்றிருக்கும்.

ஒரு பிட்சருக்கு ஒரு பக்கம். முதல் இன்னிங்ஸில் ஃபாஸ்ட்பால் எங்கிருந்து எங்கே வரை, ஐந்தாவதில் எங்கிருந்து எங்கே வரை. 95-இல் தொடங்கி 92-இல் முடிந்தால் ரிலீவர் (நடுவில் வந்து கொஞ்ச நேரம் மட்டும் வீசுகிறவர்) ஆகும் வாய்ப்பு அதிகம். வலது கை பேட்டருக்கு என்ன வீசுகிறார், இடது கை பேட்டருக்கு என்ன வீசுகிறார் என்று தனித்தனியாகக் கோடு போடுங்கள். வலது கைப் பிட்சருக்குச் சேஞ்சப் (ஃபாஸ்ட்பால் போலத் தோன்றி மெதுவாக வரும் பந்து) இல்லை என்றால் இடது கை பேட்டர்களிடம் மாட்டிக்கொள்வார். ஹை-ஏ நிலையில் ஃபாஸ்ட்பாலும் ஸ்லைடரும் (பக்கவாட்டில் வளையும் பந்து) மட்டுமே வைத்துக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிடலாம், அதனால் மூன்றாவது பந்தை வீசவே மாட்டார்கள். வீசாததையும் எழுதிக்கொள்ள வேண்டும். 80 பந்தில் 3 சேஞ்சப் என்பதே ஒரு முழு அறிக்கைக்குச் சமம்.

பிட்சர் ஆண்ட்ரூ பெய்ன்டர் 2022-இல் கிளியர்வாட்டர், இங்கே, ரெடிங் என்று ஒரே சீசனில் மூன்று படி ஏறினார். 19 வயது. 103⅔ இன்னிங்ஸில் 155 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), வெறும் 25 வாக், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் சராசரி ரன்) 1.56. அந்த வயதில் வேகம் இருப்பது புதிதல்ல; 25 வாக் என்பதுதான் கேள்விப்படாதது. அடுத்த வசந்தத்தில் முழங்கைத் தசைநார் போயிற்று, 2023 ஜூலையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2023, 2024 இரண்டு சீசனும் வீண். 2025-இல் ஆலன்டவுனில் ஈ.ஆர்.ஏ. 5.40. இந்த அறுவைக்குப் பிறகு வேகம்தான் முதலில் திரும்பும், இலக்கில் பிடி பிந்தி வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நேரில் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கேட்சரின் கையுறையைப் பாருங்கள்: வெளி மூலையில் வைத்த கையுறை பந்தைப் பிடிக்க நடுவுக்கு வருகிறதா? ஸ்ட்ரைக் விழுந்தாலும் அது தப்பிய பந்துதான். பிட்சர்களுக்கு எதிர்காலம் எழுதும்போது ஆபத்து என்ற கட்டத்தில் 'குறைவு' என்று எழுதவே கூடாது என்பது எங்கள் கட்சி.

வியாழன், ரெடிங்

மேற்கே 422-ஆம் சாலை. ஊரை நெருங்கும்போது பென் மலை உச்சியில் 1908-இல் கட்டிய ஜப்பானிய பாணி பகோடா தெரியும். ரெடிங் மைதானம் 1951-இல் திறந்தது. 1967 முதல் ஃபில்லீஸின் டபுள்-ஏ அணி இங்கேதான். நெருப்புக்கோழி மேல் ஏறி வருவதுபோல் வேடம் போட்ட ஒருவர் கூட்டத்தில் ஹாட்டாக் வீசிக்கொண்டே போவார். வலது ஃபீல்டுக்கு அப்பால் நீச்சல் குளம்.

இந்த மைதானத்தில் பந்து பறக்கும். லேக்வுட்டில் செத்து விழுந்த அதே அடி இங்கே வேலிக்கு வெளியே. ஒரே பையன், ஒரே பேட், ஒரு படி ஏற்றம், ஹோம் ரன் இரட்டிப்பு. அவனுக்கு 'பவர் வந்துவிட்டது' என்று தலைப்புப் போடுவார்கள். மாறியது மைதானம்.

நான்கு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ரயன் ஹவர்ட் 2004-இல் இங்கே 37 ஹோம் ரன். டேரின் ரஃப் 2012-இல் 38, ஹவர்டின் சாதனையை முறியடித்தார். 2016-இல் ஒரே அணியில் டிலன் கோசன்ஸ் 40, ரீஸ் ஹாஸ்கின்ஸ் 38. எண்களை மட்டும் பார்த்தால் நால்வரும் ஒரே தரம். நடந்தது என்ன? ஹவர்ட் 2005-இல் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம், 2006-இல் 58 ஹோம் ரன் அடித்து எம்.வி.பி. (லீகின் மிக மதிப்புமிக்க வீரர்). ரஃப் பெஞ்சிலிருந்து வந்து அடிக்கும் ஆளானார், மூன்று சீசன் கொரியாவில் ஆடிவிட்டுத் திரும்பி சான் பிரான்சிஸ்கோவில் பயன்பட்டார். ஹாஸ்கின்ஸ் 2017 ஆகஸ்டில் மேலே போய் 50 ஆட்டங்களில் 18 அடித்தார், பல ஆண்டு நிலைத்தார். கோசன்ஸ் மேஜர் லீகில் 30 ஆட்டம்கூட எட்டவில்லை. ஹோம் ரன் ஒன்றே ஒன்று.

2016-இல் அந்த இருவரில் யார் நிற்பார் என்று சொல்லியிருக்க முடியுமா? வயதை வைத்துச் சொன்னால் தப்பாகப் போயிருக்கும்; கோசன்ஸ் 22, ஹாஸ்கின்ஸ் 23. ஹோம் ரன்னை வைத்தாலும் தப்பு. உதவியிருக்கக்கூடியது புள்ளிவிவரப் பட்டியலில் ஒரு பத்திதான்: ஸ்ட்ரைக் அவுட். கோசன்ஸ் 186 ஸ்ட்ரைக் அவுட், கிட்டத்தட்ட மூன்று வாய்ப்பில் ஒன்று. ஹாஸ்கின்ஸ் 125, ஐந்தில் ஒன்று, வாக் 71. கோசன்ஸின் 40-இல் பெரும்பகுதி இந்த மைதானத்தில் அடித்தது. மறு ஆண்டு ஆலன்டவுனில் அவர் 190-க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட், பேட்டிங் சராசரி .210.

மைதானத்துக்கு ஸ்ட்ரைக் அவுட்டில் பெரிய பங்கு இல்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், வேலி எங்கே இருந்தாலும், பந்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். அந்த எண் சீக்கிரம் நிலைபெறவும் செய்யும். அறுபது, எழுபது வாய்ப்பிலேயே ஓரளவு நம்பலாம். ஹோம் ரன்னுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும், பேட்டிங் சராசரிக்கு ஒரு முழு சீசனும் பற்றாது. ரெடிங் பேட்டரின் பக்கத்தைத் திறந்தால் உள்ளூர், வெளியூர் பிரிவைத் தனியாக எடுங்கள், வெளியூர் எண்ணை மட்டும் பாருங்கள். உள்ளூர் ஹோம் ரன் தட்டையான பிட்ச்சில் அடித்த இரட்டைச் சதம் மாதிரி. மறுக்க வேண்டாம், அதை வைத்து டெஸ்ட் அணி தேர்ந்தெடுக்கவும் வேண்டாம்.

வயதுக் கணக்கையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். டபுள்-ஏ பேட்டர்களின் சராசரி வயது 24-ஐ ஒட்டி இருக்கும். ஏ நிலையில் 21, ஹை-ஏ நிலையில் 22-23, டிரிபிள்-ஏ நிலையில் 26-27. ரஃப் 38 அடித்த சீசனின் ஜூலையில் 26 வயதைத் தொட்டார். 21 வயதில் இதே நிலையில் சராசரியாக ஆடுகிறவர் அவரை விட மேலான சொத்து.

வெள்ளி, ரெடிங்

இருக்கையை மாற்றிக்கொள்ளும் நாள். வலது கை பேட்டரின் நெஞ்சும் கைகளும் தெரிய முதல் பேஸ் பக்கம் உட்கார வேண்டும், இடது கை பேட்டருக்கு மூன்றாவது பேஸ் பக்கம். வலது கைப் பிட்சரின் கை எப்போது மேலே வருகிறது என்று பார்க்கவும் மூன்றாவது பேஸ் பக்கமே நல்லது. இரண்டு இன்னிங்ஸுக்கு ஒரு தடவை இடம் மாறினால் போதும், காலியிடம் தாராளம்.

இன்று பார்த்த ஒரு இடது கை அவுட்ஃபீல்டர். முதல் தடவை 91 மைல் ஃபாஸ்ட்பால், நடு உயரத்தில், நடுவில். வலது ஃபீல்டில் குளத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அடுத்த மூன்று தடவையும் எதிரணி அவருக்கு ஃபாஸ்ட்பாலே காட்டவில்லை. இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் ஸ்லைடர், முழங்காலுக்குக் கீழே, பின் காலை நோக்கி. முதல் ஸ்லைடருக்கு இடுப்பு முன்பே திறந்துவிட்டது, பேட் மட்டும் பின்தங்கிப் போய்க் காற்றை வெட்டியது. அடுத்த தடவை அதே பந்து, அதே முடிவு. நான்காம் தடவை முன்தோளைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு பந்தை விட்டார். அடுத்து வந்ததைத் துரத்தினார். கூட்டம் ஹோம் ரன்னோடு வீட்டுக்குப் போயிற்று. குறிப்பேட்டில் அந்த விட்ட பந்துக்குத்தான் நட்சத்திரக் குறி. ஒரே இரவில் முடிவு கட்ட முடியாது. ஆனால் அடுத்த தடவை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

ஏ நிலையிலிருந்து மேலே வந்தவர்கள் முதலில் திணறும் படி டபுள்-ஏ என்பதற்கும் இதுதான் காரணம். கீழே 2-0 எண்ணிக்கையில் (இரண்டு தவறான பந்து, ஸ்ட்ரைக் இல்லை) ஃபாஸ்ட்பால் உறுதி. இங்கே அந்த உறுதி கிடையாது.

ஷார்ட்ஸ்டாப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டத்தில் கடினமான பந்து ஒன்றிரண்டுதான் வரும். இன்னிங்ஸ் இடைவேளையில் சும்மா எறிவதில் கையின் பலம் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே ஆழத்தில் எடுத்துக் காலை ஊன்றி எறிவதில் தெரியும். பிழை எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். எட்டாத பந்துக்குப் பிழை எழுதுவதில்லை. எட்டி எடுத்துத் தவறவிட்டவருக்குத்தான் எழுதுகிறார்கள்.

சனி, ஆலன்டவுன்

ரெடிங்கிலிருந்து 222-ஆம் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள். கோகோ-கோலா பார்க், 2008. எங்கே திரும்பினாலும் பன்றி, பன்றி இறைச்சி, பன்றி ஓட்டப் பந்தயம். கூட்டம் நிறைய, வார இறுதிக்கு டிக்கெட் முன்கூட்டியே எடுக்க வேண்டிய ஒரே இடம் இந்தப் பயணத்தில் இதுதான்.

இங்கே எண்களைப் படிப்பதில் இரண்டு பொறிகள். முதலாவது பந்து. 2019 முதல் டிரிபிள்-ஏ நிலையில் மேஜர் லீக் பந்து. அந்த ஆண்டு டிரிபிள்-ஏ ஹோம் ரன் எண்ணிக்கை முந்தைய ஆண்டை விடப் பாதிக்கும் மேல் கூடியது. கீழே வேறு பந்து. ஆகவே ரெடிங்கிலிருந்து ஏறி வந்த பிட்சரின் கர்வ்பால் திடீரென்று வேறு மாதிரி வளைந்தால் பயப்பட வேண்டாம். ஒரு மாதம் கொடுங்கள். இரண்டாவது, ஸ்ட்ரைக் தீர்ப்பு. 2023 முதல் எல்லா டிரிபிள்-ஏ மைதானங்களிலும் தானியங்கி முறை ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. முதலில் சில நாட்கள் முழுதும் இயந்திரம், சில நாட்கள் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையீடு. அந்த ஆண்டுகளின் வாக் எண்ணிக்கையை அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுவது வீண். 2026 முதல் மேஜர் லீகிலும் முறையீடு வந்துவிட்டதால் இனி கேட்சரை எடைபோடும்போது எந்தப் பந்துக்கு முறையிடுகிறார், எத்தனையில் ஜெயிக்கிறார் என்பதையும் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம்.

நிறைய பழைய பெயர்கள், நிறைய நரைத்த தாடிகள். முப்பதைத் தாண்டிய பிட்சர், 90 மைல், 3-1 எண்ணிக்கையில் சேஞ்சப். இளம் பேட்டருக்கு இதை விட நல்ல பரீட்சை கிடையாது. அவுட்ஃபீல்டர் ஜஸ்டின் கிராஃபோர்டு 2025-இல் 21 வயதில் இங்கே .334 அடித்து, அயர்ன்பிக்ஸ் ஆடும் இன்டர்நேஷனல் லீகின் பேட்டிங் பட்டம் வாங்கினார். 46 பேஸ் திருட்டு. இவ்வளவுக்கும் பிறகு அவரைப் பற்றி இரண்டு கருத்து இருந்தது என்றால் அதற்குக் காரணம், அவர் அடித்ததில் அறுபது சதவீதத்தை ஒட்டித் தரையில் ஓடிய பந்துகள். அவர் கால் வேகத்துக்குத் தரைப் பந்தும் ஹிட்டாகும். மேலே இன்ஃபீல்டர்கள் ஓரடி வேகமானவர்கள். இரண்டு கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது. எங்கள் சாய்வு ஓடுகிறவர் பக்கம். பலம் பிறகு வரலாம், பந்தை இவ்வளவு தடவை சந்திக்கும் கண் பிறகு வருவதில்லை.

ஞாயிறு, ஆலன்டவுன்

பகல் ஆட்டம். மாலையில் அறிக்கை எழுத நேரம் இருக்கிறது.

ஒரு வீரருக்கு ஒரு பக்கம் போதும். மேலே வயது, உயரம், நிலை, பார்த்த தேதி, எத்தனை வாய்ப்பு அல்லது எத்தனை பந்து. நடுவில் திறமைகள், இன்று/நாளை எண்ணோடு. கீழே மூன்று வரி: எந்தப் பாத்திரம், எந்த ஆண்டு, எவ்வளவு ஆபத்து. பாத்திரத்துக்கும் அதே அளவுகோல்தான். 40 என்றால் பெஞ்ச், 50 என்றால் நாள்தோறும் ஆடுகிறவர், 60 என்றால் ஆல்-ஸ்டார் பக்கம். ஒரு அணியின் மைனர் லீகில் உள்ள ஆட்களில் 50-ஐ எட்டுபவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். உங்கள் பட்டியலில் பதினைந்து பேர் 50 என்றால் ஊர்ப் பாசம் புகுந்துவிட்டது.

பிறகு காலண்டர். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து சீசன் வரை, 19 அல்லது மேல் என்றால் நான்கு சீசன் வரை அணி பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். அதற்குள் மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் ஏற்றாவிட்டால் டிசம்பரில் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி தூக்கிக்கொண்டு போகும். ஏற்றிய பிறகு மூன்று ஆண்டுதான் கீழே அனுப்பலாம். 16 வயதில் ஒப்பந்தமான பையன் மெதுவாக வளர்ந்தால் திறமை பழுப்பதற்குள் இந்த மணி அடித்துவிடும். ஒரே திறமையுள்ள இருவரில் ஒருவருக்கு மதிப்புக் குறைவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எதிர்காலம் என்றால் பிலடெல்பியாவில் ஆடுவது மட்டுமல்ல. பிட்சர் சிக்ஸ்டோ சான்செஸ் 35,000 டாலருக்கு ஒப்பந்தமானவர். 2019 பிப்ரவரியில் அவரை முன்வைத்துத்தான் கேட்சர் ஜே.டி. ரியல்முட்டோவை மயாமியிடமிருந்து வாங்கினார்கள். சான்செஸின் தோள் பிறகு ஒத்துழைக்கவில்லை. பிட்சர் மிக் ஏபல் கதை இன்னும் பொருத்தம். 2024-இல் இதே ஆலன்டவுன் மேட்டில் ஈ.ஆர்.ஏ. 6.46, வாக் மேல் வாக். பலர் அவரைப் பட்டியலிலிருந்து கிழித்துப் போட்டார்கள். வேகம் போகவில்லை, ஸ்லைடர் போகவில்லை, இலக்குதான் போயிருந்தது. 2025 மே மாதம் மேஜர் லீக் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்குக்கு எதிராக 6 இன்னிங்ஸ், 9 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக் கூட இல்லை. ஜூலை இறுதியில் அவரும் 18 வயதுக் கேட்சர் எட்வார்டோ டெய்ட்டும் மினசோட்டாவுக்குப் போனார்கள், பதிலுக்கு ரிலீவர் யோவான் டுரான் வந்தார். 6.46-ஐப் பார்த்துவிட்டு ஏபலைக் கழித்துக்கட்டியிருந்தால் அந்த வியாபாரத்தில் ஒரு பாதி இல்லை.

திரும்பும் விமானத்துக்கு முன் செய்ய வேண்டிய ஒரே வேலை, இந்த நவம்பரில் 40 பேர் பட்டியலில் ஏற வேண்டியவர்கள் யார் என்று தேதி போட்டு எழுதி வைப்பது. ரெடிங்கின் இடது கை அவுட்ஃபீல்டரும் அதில் இருக்கிறார். ஆகஸ்டில் அவரை வெளியூர் ஆட்டம் ஒன்றில், மூன்றாவது பேஸ் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு வரும் ஸ்லைடர்களை மட்டும் எண்ணினால் போதும்.